பதினைந்து இஞ்ச் பாக்ஸ்

சேலையூர்
12.6.2006

திரு. ஜெயவேலு அவர்களுக்கு,

நேற்று சாயங்காலத்திலிருந்து ஏழு தடவை போன் செய்தீர்கள். ஏழு தடவையும் கட் செய்தது நான்தான். சிக்னல் கோளாறு என்று உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். இனிமேல் போனும் வேண்டாம், நேரில் வரவும் வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். இரும்புலியூரிலிருந்து சேலையூருக்குத் தபால் வர இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். உங்கள் வாய்ப்பேச்சை இருபது வருஷம் கேட்டாயிற்று. வாயைத் திறந்தால் சர்க்கரைப் பொங்கல் கிண்டிவிடுவீர்கள். காகிதத்தில் அது அவ்வளவு சுலபமில்லை.

நேற்றைய ரிகர்சலில் நீங்களும்தான் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். ஆனாலும் நான் நின்ற இடத்தில் அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரேம் புதிதாக ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் கொண்டுவந்திருந்தான். பத்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி, ஊருக்குப் போகிற சூட்கேஸ் அளவுதான். "சார், உங்க பெரிய பாக்ஸை இன்னைக்கு வேன்லேர்ந்து இறக்க வேணாம், இதுல வாசிச்சுப் பாருங்களேன்" என்றான். நின்றுகொண்டு வாசிக்கிற என் டபுள் பேஸ் என்னைவிட உயரம். இதற்கு இந்தக் குட்டிப் பெட்டியா என்று சிரித்துக்கொண்டேதான் ஒயரைச் சொருகினேன்.

முதல் பாட்டிலேயே சுண்டு விரல் விழ வேண்டிய இடத்தில் சுருதி இறங்கியிருந்தது. ஏதோ கவனப் பிசகு என்று அடுத்த சுற்றில் அழுத்தி வைத்தேன். மறுபடியும் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் சுண்டு விரல் போன இடத்திலெல்லாம் அதே கதை. கிதார் வாசித்துக்கொண்டிருந்த பிரேம் திரும்பிப் பார்த்தான். கீபோர்டில் நாகலக்ஷ்மி கையை எடுத்துவிட்டாள். நீங்கள் ஒருவர்தான் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மிக்ஸரில் இல்லாத தூசியைத் துடைத்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல என்று.

டீ குடிக்கும்போது பிரேம் என்னிடம் வந்து, அக்டோபர் நிகழ்ச்சிக்கு அருண்ராஜ் என்கிற பேஸ் கிதார்காரரையும் ஒரு பாதுகாப்புக்குக் கூப்பிட்டு வைக்கலாமா என்று கேட்டான். நம் மெல்லிசை ட்ரூப்பின் இருபத்தைந்தாவது வருஷ நிகழ்ச்சி. பிரேமின் அப்பா இதை ஆரம்பித்த அன்று மேடையில் நின்றவர்களில் இன்றைக்கும் மிச்சமிருப்பது நான் ஒருவன். எனக்குப் பாதுகாப்பாம்.

இப்போது என் கேள்வி. 2004 மார்ச்சில் உங்கள் ஷெட்டில் எனக்காக இரண்டு பெட்டி செய்து வைத்திருந்தீர்கள். ஒன்று நேற்று பிரேம் கொண்டுவந்த மாதிரி அடைத்த பத்து இஞ்ச். இன்னொன்று முன்னால் ஓட்டை போட்டுக் குழாய் வைத்த பதினைந்து இஞ்ச். பெட்டி பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதன் அடிநாதம் முழுசாகக் கேட்காது, இருபதடி தள்ளி நிற்கிறவனுக்குத்தான் கேட்கும். அதனால் எப்போதும்போல நான் வாசித்தேன், நீங்கள் கேட் ஓரமாக நின்று கேட்டீர்கள். நீங்கள் எந்தப் பெட்டிக்குக் கை தூக்குகிறீர்களோ அதுதான் என் பெட்டி. அன்றைக்குப் பதினைந்து இஞ்சுக்குக் கை தூக்கினீர்கள்.

ஏன்?

ஸ்ரீரங்கன்


இரும்புலியூர்
15.6.2006

ஸ்ரீரங்கன் சாருக்கு ஜெயவேலு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரித்தது என் சம்சாரம் செல்வம்மாள். "திரு. ஜெயவேலு அவர்களுக்குன்னு போட்டுகீது, யார்னா கோர்ட்டு நோட்டீஸ் வுட்டுகீறாங்களா?" என்று கேட்டாள். சார் எழுதியது என்று சொன்னால் நம்பவில்லை. இருபது வருஷமாக "டேய் வேலு" என்று கூப்பிட்டவர் "நீங்கள்" போட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒப்பவில்லை. சரி, என் தலையெழுத்து.

எனக்கு எழுத வராது, எட்டாவதோடு சரி. மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

ஆமாம் சார், தெரியும். 2004 பிப்ரவரியில் குரோம்பேட்டை மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன் வாசித்தோமே, அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். மிக்ஸர் கடைசி வரிசையில் இருந்தது. உங்கள் நோட் ஒன்று சுருதிக்குக் கீழே நின்றது. அப்புறம் இன்னொன்று. எழுந்து பக்கவாட்டில் வந்து உங்கள் கையைப் பார்த்தேன். சுண்டு விரல் போகிறது, ஆனால் போய்ச் சேரவில்லை.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வேனில் பேஸை ஏற்றிக் கயிறு கட்டும்போது வாயைத் திறந்தேன். நீங்கள் என் தோளில் தட்டி, "வேலு, இன்னிக்கு கை சும்மா ஓடித்துடா" என்றீர்கள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்து எவனுக்கு சார் சொல்ல வரும்? எனக்கு வரவில்லை.

அடுத்த மாதம் உங்கள் பழைய பாக்ஸில் ஸ்பீக்கர் கிழிந்து புதுசு கேட்டீர்கள். டபுள் பேஸுக்கு அடைத்த பத்து இஞ்ச்தான் சரி, பாக்ஸ் வேலை தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். நோட் ஆரம்பிக்கிற இடமும் முடிகிற இடமும் அதில் பளிச்சென்று கேட்கும். பதினைந்து இஞ்சில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தால் கீழ் சத்தம் எல்லாம் சேர்ந்து கும்மென்று வரும். மண்டபமே அதிரும். ஆனால் எந்த நோட் என்று சட்டெனச் சொல்ல முடியாது. கொஞ்சம் இறங்கிய நோட்டும் அந்தக் கும்மில் கரைந்துபோகும். அதனால்தான் கை தூக்கினேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

நீங்கள் கேட்டீர்கள், நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓட்டை வைத்த பாக்ஸின் சத்தம் டபுள் பேஸின் வயிற்றுக்குள் போய்த் திரும்பி ஊளையிடும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த ஊளை கிளம்பாமல் இருக்க மிக்ஸரில் ஒரு விரலை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். அவசரத்துக்குக்கூட எழுந்து போனதில்லை. கேட்டவர்கள் எல்லாம் பாக்ஸைத்தான் திட்டினார்கள். "இன்னா வேலு, உன் பாக்ஸ்ல பேஸ் வாசிக்கிறாங்களா, அம்மிக்கல்ல உருட்டறாங்களா?" என்று பல்லாவரத்து ட்ரூப்காரன் எல்லார் முன்னாலும் கேட்டான். அதோடு அவன் என்னிடம் பாக்ஸ் செய்வதை நிறுத்திவிட்டான். இன்னும் இரண்டு பேர் நிறுத்தினார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பெயர் வரும்.

மனசு ரொம்பப் பேஜாராக இருக்கிறது சார். போனை எடுங்கள்.

ஜெயவேலு


சேலையூர்
27.6.2006

ஜெயவேலு,

போனை எடுக்கப் போவதில்லை. உன் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். நடுவில் வேறு வேலை வந்துவிட்டது.

நீ எழுதியதை ரமாவிடம் படித்துக் காட்டினேன். என்னோடு சேர்ந்து அவளும் உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் இடது கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஏன்னா, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஏன் இப்படிப் பள்ளமா இருக்கு? அந்தக் கையில இல்லையே?" என்றாள். நான் பார்த்ததில்லை. தன் கையை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

குரோம்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். கையில் ஊசி குத்தி, கரண்ட் விட்டு, ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்தார்கள். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுள்ளென்று ஏறுமே, அந்த இடத்தில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம். இன்சூரன்ஸ் ஆபீஸ் மேஜையில் முப்பது வருஷம் இடது முழங்கையை ஊன்றி உட்கார்ந்த பலன் என்கிறார். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் பலம் கொடுக்கிற நரம்பு அதுதானாம். எப்போதிலிருந்து என்று கேட்டார். இந்த மாதம்தான் தெரிந்தது என்றேன். அவர் அந்தப் பள்ளத்தில் தன் விரலை வைத்து, "சதை இவ்ளோ வத்தணும்னா ரெண்டு வருஷத்துக்குக் குறையாது சார்" என்றார்.

அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷன். விரல் முழுசா திரும்பியிருக்கும். இப்பப் பண்ணா மேல கெடாம நிறுத்தலாம். போன பலம் வருமான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

நீ 2004 பிப்ரவரியிலேயே கேட்டுவிட்டாய். எழுந்து வந்து விரலைக்கூடப் பார்த்திருக்கிறாய். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் டாக்டரிடம் போயிருப்பேன். நீ போய் ஒட்டுப்பலகை அறுத்தாய். என்னைக் காப்பாற்றினேன் என்று வேறு எழுதுகிறாய். இப்படிக் காப்பாற்ற ஒரு ஆள் இருந்தால் எதிரியே வேண்டாம் ஜெயவேலு. நீ என் கையைத் தின்றுவிட்டாய்.

ஜூலை ஆறாம் தேதி ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு வந்துவிடாதே.

ஸ்ரீரங்கன்


இரும்புலியூர்
1.7.2006

சார்,

கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தெரு வரைக்கும் வந்தேன். கேம்ப் ரோடு முனையில் அரை மணி நேரம் நின்றேன். ரமா அம்மா காய்கறி வாங்கிக்கொண்டு போனவர் என்னைப் பார்த்தார். கூப்பிடவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நரம்பு, கரண்ட் எல்லாம் எனக்கு என்ன தெரியும் சார்? வயசாகிறது, விரல் தளர்கிறது, நம் எல்லாருக்கும் வருவதுதானே என்று நினைத்தேன். அதற்கு வைத்தியம் உண்டு என்று தெரிந்திருந்தால் உங்கள் காலில் விழுந்தாவது சொல்லியிருப்பேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் விரல் திரும்பி வராது. தப்பு பண்ணிவிட்டேன். வேறு வார்த்தை தெரியவில்லை.

பதினைந்து இஞ்ச் பாக்ஸை பிரேமிடம் கேட்டு வாங்கி வந்து ஷெட்டில் பிரித்துப் போட்டுவிட்டேன். ஸ்குரூ ஒவ்வொன்றும் நான் போட்டது. கழற்றக் கழற்ற எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சண்டைக்குக் கேட்கவில்லை, ராத்தூக்கம் வராமல் கேட்கிறேன். சதை வற்றுகிற அளவுக்கு விரல் போயிருக்கிறது என்றால் உங்களுக்கு மரத்துப்போகவே இல்லையா? ஒரு நாளும் உங்களுக்கே தெரியவில்லையா?

ஆபரேஷன் நல்லபடி நடக்கட்டும். ஆறாம் தேதி செல்வம்மாள் கோயிலுக்குப் போகிறாள். நான் ஆஸ்பத்திரிக்குள் வரமாட்டேன், வாசலோடு திரும்பிவிடுவேன்.

ஜெயவேலு


சேலையூர்
24.7.2006

வேலு,

உன் கேள்விக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். கட்டுப்போட்ட கை இடது கை. எழுதுகிற கை நன்றாகத்தான் இருந்தது. சாக்கு சொல்ல இடமில்லை.

தெரியும்.

2003 தீபாவளிக்கு மறுநாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. ரமா, "கவனம் எங்கே இருக்கு?" என்றாள். கவனம் டம்ளரில்தான் இருந்தது. சுண்டு விரலுக்குத்தான் டம்ளர் இருப்பது தெரியவில்லை. அதற்கப்புறம் காலையில் எழுந்தால் அந்த விரலும் பக்கத்து விரலும் மரத்திருக்கும். உதறினால் சரியாகும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. ரமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் வாசிக்காதே என்பார். ஆபீஸில் நான் ஒரு மேஜை, வேலு. அந்த ஆறடி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மூன்று மணி நேரம்தான் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் பிடுங்கக் கூடாது என்று பயந்தேன்.

இன்னும் இருக்கிறது. உன் ஷெட்டில் அன்றைக்கு முதலில் சின்னப் பெட்டியில்தான் வாசித்தேன். சுண்டு விரல் இறங்கியது எனக்கும் கேட்டது. பிரேமின் ரிகர்சலில்தான் முதல்முதலாகக் கேட்டேன் என்கிற மாதிரி எழுதினேனே, அது பொய். அடுத்து பெரிய பெட்டியில் ஒயரை மாற்றினேன். அந்தக் கும்மில் எல்லாம் மறைந்துபோயிற்று. அப்படியே கேட் பக்கம் பார்த்தேன். பெருமாளே, இவன் இதற்குக் கை தூக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீ தூக்கினாய். அப்பாடா என்று இருந்தது. நீ தூக்காமல் இருந்திருந்தால் உன்னோடு ஒரு மணி நேரம் வாதாடி அதைத்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

உன் கை உயர்ந்ததால் பழி உன்மேல் விழுந்தது. இரண்டு வருஷம் கழித்து உன்னிடமே "ஏன்?" என்று நீதிபதி மாதிரி கேட்டேன். கையைத் தின்றுவிட்டாய் என்று எழுதினேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எழுதும்போதே எனக்குத் தெரியும், அது நியாயமில்லை. இருந்தும் தபாலில் போட்டேன்.

கட்டுப் பிரித்தாயிற்று. மரத்த உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பலம் வரவில்லை. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலிருந்து வாசிக்கலாம் என்றார் டாக்டர். சுண்டு விரலையும் மோதிர விரலையும் விட்டுவிட்டு இரண்டு விரலால் பழகிப் பார்க்கப் போகிறேன். கை மேலும் கீழும் அதிகம் ஓட வேண்டியிருக்கும், ஓடட்டும். செப்டம்பர் இருபதுக்குள் சொல்லுங்கள் சார் என்கிறான் பிரேம். அந்த மேடையில் நான் நிற்க வேண்டும், வேலு. அதற்கு அடுத்த நாள் எதுவானாலும் சரி.

எனக்கு ஒரு பெட்டி செய்து கொடு. இந்தத் தடவை நீ கேட்டில் நின்று உள்ளதைச் சொல்ல வேண்டும். அதுவரை எழுத்திலேயே பேசுவோம். போனில் நாம் இரண்டு பேருமே மழுப்புகிறவர்கள்.

ஸ்ரீரங்கன்


இரும்புலியூர்
5.8.2006

சாருக்கு வணக்கம்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று செல்வம்மாளுக்குத்தான் தெரியும், அவள் தரமாட்டேன் என்கிறாள். "வேலு" என்று போட்ட கடிதத்தை மட்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

உங்கள் பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு ஷெட்டில் நீங்கள் கேட் பக்கம் பார்த்த பார்வை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கேட்கிறவன் பார்வை அது இல்லை, கெஞ்சுகிறவன் பார்வை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. சரி, போகட்டும். வேலைக்கு வருவோம்.

பத்து இஞ்ச் ஒன்றா, இரண்டா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு போட்டால் சத்தம் கூடும், கனமும் கூடும். மண்டபம் பெரிசுதான். ஆனால் கூட்டத்துக்குப் போகிற சத்தம் மிக்ஸர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களில் போய்விடும். இந்தப் பாக்ஸ் உங்களுக்கும் மேடையில் இருப்பவர்களுக்கும்தான். என்னைக் கேட்டால் ஒன்று போதும். பின்பக்கம் முக்கால் இஞ்ச் ப்ளைவுட், உள்ளே பஞ்சு, ஓட்டை கிடையாது. தரையில் வைக்கக் கூடாது. மேடைப் பலகையும் சேர்ந்து அதிர்ந்து மறுபடியும் கும்மென்று ஆகிவிடும். ஒரு ஸ்டூல் செய்து அதன்மேல் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாக்ஸ் எதையும் மறைக்காது. விரல் உரசுவதுகூடக் கேட்கும். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் சார். வேண்டாம் என்றால் பன்னிரண்டு இஞ்சில் கொஞ்சம் மெத்தென்று ஒன்று செய்யலாம். அதுவும் தப்பில்லை, நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள்.

ஜெயவேலு


சேலையூர்
10.8.2006

வேலு,

மெத்தென்று ஒன்று செய்யலாமா? உனக்குப் புத்தி வரவே வராது. பத்து இஞ்ச், ஒன்று, அடைத்த பெட்டி. ஸ்டூலோடு கொண்டுவா.

டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியாமல் பேஸை எடுத்துவிட்டேன். ஸ்பீக்கர் ஒயர் சொருகாமல் தினம் அரை மணி நேரம். ஹால் நடுவில் நான் கையை மேலும் கீழும் ஓட்டுவதைப் பார்த்து ரமா, "ஒட்டடை அடிக்கறாப்ல இருக்கு" என்கிறாள். இரண்டு விரலில் மெதுவான பாட்டுகள் சரியாகவே வருகின்றன. வேகமானது இன்னும் பிடிபடவில்லை. வரும். ஐம்பத்து நாலு வயதில் புதுசாக ஒன்றைப் பழகுகிறேன், கொஞ்சம் குஷியாகக்கூட இருக்கிறது.

செப்டம்பர் 17, ஞாயிறு காலை என் வீட்டில் வாசித்துப் பார்ப்போம். பிரேமுக்குப் பதில் சொல்ல அதற்கப்புறம் மூன்று நாள் இருக்கும்.

ஸ்ரீரங்கன்


இரும்புலியூர்
18.9.2006

ஸ்ரீரங்கன் சாருக்கு,

நேற்று உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்து சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், மூன்றாவது பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று நான் சொன்னது பொய்.

நீங்கள் வாசித்தீர்கள், நான் கேட்டில் நின்றேன். ரமா அம்மா ஜன்னலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பாட்டு முடிந்ததும் கை தூக்கினேன். உள்ளே வந்து, "சூப்பரா கீது சார், தெகிரியமா போங்க" என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். ரமா அம்மா கேசரி கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் பாட்டு, மெதுவானது, சுத்தமாக இருந்தது. ஒரு குறையும் இல்லை. இரண்டாவது பாட்டில் கை மேலே ஓடித் திரும்புகிற இடத்தில் மூன்று தடவை நோட் தாண்டிப் போனது. மூன்றாவது பாட்டில் வேகம் கூடும்போது தாளத்துக்கு அரைக் கணம் பின்னால் வந்தீர்கள். கை வந்து சேர நேரம் எடுக்கிறது. நாலாவது பாட்டு முடியும்போது கை களைத்துவிட்டது, நடு விரலும் இறங்க ஆரம்பித்தது. அக்டோபர் ஒன்றாம் தேதி பதினெட்டுப் பாட்டு.

பாக்ஸில் தப்பு இல்லை சார். நான் செய்ததிலேயே நல்ல பாக்ஸ் இதுதான். அதில் கேட்டது அத்தனையும் நீங்கள் வாசித்தது.

நீங்கள் அன்றைக்கு மேடைக்குப் போக வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேன் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் உங்களுக்கு விரல் மிஞ்சியிருக்கும். இன்றைக்குச் சொல்வதால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனில்லை. அதனால் சொல்லிவிட்டேன்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

ஜெயவேலு


சேலையூர்
21.9.2006

அன்புள்ள வேலு,

உன் கடிதம் நேற்று வந்தது. செவ்வாய்க்கிழமையே நான் பிரேமுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ செய்த பெட்டி அப்படி. ஸ்டூல்மேல் வைத்துக் காதுக்கு நேராகத் திருப்பிவிட்டாய், கேட்காமல் எங்கே போவது? இரண்டாவது பாட்டில் நீ எழுதிய மூன்று தடவையை நான் நாலு என்று எண்ணினேன். நீ வந்து சூப்பர் என்றதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம். மறுபடியும் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல மேடையேறிவிடுவேனோ என்று பயந்தேன். ஏறியிருப்பேன். இரண்டு நாள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரேமிடம் காரணத்தையும் சொன்னேன். கை போய்விட்டது, ரொம்ப நாளாகவே இல்லை என்றேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.  அவன் சொன்னான், "எங்களுக்குத் தெரியும் சார். ரெண்டு வருஷமா தெரியும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதுக்காகத்தான் அந்தச் சின்ன பாக்ஸை வாங்கிட்டு வந்தேன். நீங்களே கேட்டுப்பீங்கன்னு."

நாகலக்ஷ்மிக்கும் தெரியுமாம். நான் இறங்குகிற இடத்திலெல்லாம் கீபோர்டில் இடது கையால் என் சுரத்தை மெதுவாகக் கூடவே வாசித்து மூடியிருக்கிறாள். போன வருஷம் ஒரு தடவை அவளிடம், "என் வேலையை நீ ஏன்மா செய்யறே, உன் வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தப் பெண் "சாரி சார்" என்றாள். அடுத்த பாட்டில் மறுபடியும் அதையே செய்திருக்கிறாள். நேற்று அவளிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அழுதுவிட்டாள். நானும்தான்.

எல்லோரும் எனக்கு நல்லதுதான் நினைத்திருக்கிறீர்கள். நீ ஒரு பெட்டியால் மூடினாய், அவள் ஒரு கையால் மூடினாள், பிரேம் வாயால் சொல்லாமல் இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நானும் உங்களோடு சேர்ந்து என்னை மூடினேன். இத்தனை பேரில் எழுதிச் சொன்னது நீ ஒருத்தன்தான். ரொம்பத் தாமதமாகச் சொன்னாய். அந்த வருத்தம் எனக்குப் போகாது, உனக்கும் போகாது. போகும் என்று உனக்கு நான் எழுதினால் அது இன்னொரு பொய். உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அக்டோபர் ஒன்றாம் தேதி நிகழ்ச்சிக்கு நான் வருகிறேன். மேடைக்கு வந்து பொன்னாடை போட்டுக்கொள்ளுங்கள் என்றான் பிரேம், மாட்டேன் என்றுவிட்டேன். கடைசி வரிசையில் உன் மிக்ஸர் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடு. என் இடத்தில் அருண்ராஜ் நிற்பார். அவர் எப்படி வாசிக்கிறார் என்று நடுவில் உன்னைக் கேட்பேன். நன்றாக வாசித்தால் நன்றாக வாசிக்கிறார் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

ஸ்ரீரங்கன்